எக்ஸ்பயரி அக்கா

மருந்துக்கடையில் அவளுக்கு வைத்த பேர் எக்ஸ்பயரி அக்கா. வைத்தவர் முதலாளி. மாதம் பிறந்தால் போதும், முதல் தேதி காலையில் கடை திறந்த கையோடு ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாள். மேல்தட்டில் ஆரம்பித்துக் கீழ் டிராயர் வரைக்கும் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேதி பார்ப்பாள். தேதி முடிந்ததை எடுத்து வைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிற வேலைதான். இவள் ஒரு படி மேலே போவாள். அந்த மாதக் கடைசியில் முடியப்போவதையும் முதல் தேதியே எடுத்து, கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிற ரிட்டர்ன் பெட்டியில் போட்டுவிடுவாள். இன்னும் முப்பது நாள் இருக்கிறதே என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். வாங்குகிறவன் அதை எந்த அலமாரியில் போட்டு என்றைக்கு விழுங்குவானோ, அந்தப் பாவத்தை யார் சுமக்கிறது என்பாள்.

எடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியும் வைப்பாள். மருந்தின் பேர், பேட்ச் எண், எத்தனை மீதி, எடுத்த தேதி. கம்பெனி ரெப்புகள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிற சாம்பிளை எந்தக் கடையிலும் யாரும் எழுதி வைப்பதில்லை. இவள் அதற்கும் நோட்டின் கடைசியில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். பழைய நோட்டுகள் ஃபிரிட்ஜுக்கு மேலே பரணில் வரிசையாக இருக்கும். இதையெல்லாம் எந்தப் பரீட்சைக்குப் படிக்கப் போகிறாய் என்று முதலாளி கிண்டல் செய்வார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தெருவில் அவள் கை பட்ட மருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம் என்று பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இந்தக் கதையில் கெட்டவன் யார் என்று தேடப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சலே.

புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேசாத மனுஷன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டின் குழிக்குள் இறங்குமுன் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைத்தாயிற்று, நான் இங்கேயே நிற்கிறேன் என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு, நல்ல மனுஷனான ஒரு வாட்ச்மேன் மறதியாக சுவிட்சைப் போட்டதில் நாலு விரல் போய்விட்டது. கோபமெல்லாம் படாமல், "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்குவார். கல்யாணமான புதிதில் இதை அவள் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முதல் குழந்தை பையன். இன்னொன்று பிறக்கத்தானே போகிறது என்ற நினைப்பில், பிறந்த அன்றிலிருந்தே அவனைப் பெரியவன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபதாம் நாள் பெரியவனின் கண் இரண்டும் வலது பக்கமாகப் போய் நின்றன. ஒரு கை மட்டும் சின்னதாகத் துடித்தது. உதடு நீலம் பூத்து, இரண்டு நிமிஷத்தில் உடம்பு துவண்டு தூங்கிவிட்டான். பிரசவத்தில் குழந்தை அழக் கொஞ்சம் தாமதமானது, மூளைக்குக் காற்று போதாமல் போயிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது எழுதியதுதான். பிறகு பார்த்த ஒவ்வொரு டாக்டரும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தலையாட்டினாரே தவிர, அதற்கு முன்னால் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று வலிப்பு வந்தது. ஒரு சிரப், அதன் மேல் இன்னொரு சிரப், அதற்கும் மேல் ஒரு மாத்திரை. எதற்கும் அடங்கவில்லை. ஒன்றரை வயதிலும் கழுத்து நிற்கவில்லை. அம்மா முகமும் சுவரும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. அவள் கடையில் ஸ்டாக் எழுதுகிற கையால் வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டாள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பக்கம் இழுத்தது, அன்றைக்கு மொத்தம் எத்தனை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி ஒன்று கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். கடைக்கு வருகிறவர்கள் அவர்கள் பங்குக்கு, "உங்க கடையில இல்லாத மருந்தாக்கா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அவளுக்குப் பளாரென்று ஒன்று விடலாம் போல இருக்கும்.

அந்தச் சமயத்தில் இரண்டு காரியம் அடுத்தடுத்து நடந்தன. ஒரு மாதம் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் பழைய சிரப்பை நிறுத்திவிட்டுப் புதிதாக வந்த ஒன்றை எழுதினார்கள். உடம்பில் பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் ஒரு ரெப் கடைக்கு வந்தான். பையைக் காலி செய்கிற அவசரத்தில் ஒரு சாம்பிள் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். மஞ்சள் நிறத்தில் நூறு மாத்திரை. வெறும் பி சிக்ஸ் வைட்டமின்தான், நரம்புக்கு நல்லது, கை கால் மரத்துப் போகிற பெரியவர்களுக்கு எழுதுகிறார்கள், உங்கள் பையனுக்குப் பாதி கொடுத்துப் பாருங்கள், கெடுதல் இல்லை என்றான். டாக்டர் எழுதாததை அவள் தொடமாட்டாள். ஆனால் நரம்பு என்ற வார்த்தை அவளை அசைத்துவிட்டது. வைட்டமின்தானே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பதினேழாம் தேதி காலையிலிருந்து புருஷன் தினமும் பாதி மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாலில் கலந்து கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி நாலு. பத்தொன்பதாம் தேதி ஒன்று. இருபதாம் தேதி நோட்டில் பூஜ்யம் போட்டாள்.

அப்புறம் தினமும் பூஜ்யம்தான். இரண்டாவது வாரத்தில் பெரியவன் அவளைப் பார்த்தான். பார்த்தான் என்றால், அவள் நடக்கிற பக்கமெல்லாம் கண் கூடவே வந்தது. கழுத்து நின்றது. தலையணையை முட்டுக் கொடுத்தால் உட்கார்ந்தான். அப்பா வேலையிலிருந்து வந்து, லிஃப்ட் கதவு திறக்கிற மாதிரி வாயாலேயே ஒரு மணிச் சத்தம் கொடுப்பார். அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். ஒரு நாள் ஸ்பூனை அவனே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் புது சிரப்பின் பேரைச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலும் சிரப்புக்குத்தான் பாராட்டு. மாமியார் மட்டும், நான் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை என்றார். மஞ்சள் மாத்திரைக்காகப் பேச ஒருவரும் இல்லை.

அதற்கடுத்த மாதமும் முடிந்து முதல் தேதி வந்தது. கடை அலமாரியைப் பார்த்து முடித்தவள், வீட்டில் இருக்கும் மருந்துகளையும் பார்க்கச்சொல்லித் தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டவள் போல, மத்தியானம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் மாத்திரைக்கு அந்த மாதத்தோடு தேதி முடிகிறது. எழுபத்தெட்டு மீதி. கொண்டுபோய் ரிட்டர்ன் பெட்டியில் போட்டுவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். மறுநாள் காலையில் புருஷன் இரண்டு ஸ்பூனையும் கையில் வைத்துக்கொண்டு தேடினார்.

"அந்த மஞ்சள் மாத்திரை எங்க?"

"தேதி முடியுது. ரிட்டர்ன்ல போட்டாச்சு."

"வேற வாங்கலாமே. உன் கடையிலதான் இருக்குமே."

"அது வெறும் வைட்டமின்ங்க. வேலை செய்யறது சிரப்பு. டாக்டர் எழுதாததை எதுக்கு இழுத்துக்கிட்டு கிடக்கணும்?"

மருந்து விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். அவர் ஸ்பூன்களைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஒன்பதாம் தேதி காலையில் பெரியவனின் கண் மறுபடியும் வலது பக்கம் போனது. அன்றைக்கு மூன்று. வாரக் கடைசியில் பதினாறு. சிரப்பின் அளவைக் கூட்டினார்கள். கூட மூன்று மருந்து சேர்த்தார்கள். சில குழந்தைகளுக்குக் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு அப்புறம் கேட்காமல் போகும், அப்படி ஒரு ரகம் என்றார்கள். சிரிப்பு போயிற்று, கழுத்து போயிற்று, அம்மாவைத் தேடின கண்ணும் போயிற்று. நாலாவது வயதில் ஒரு காலை நேரம், அரை மணி ஆகியும் நிற்காத வலிப்போடு ஆஸ்பத்திரி வண்டியில் அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்தான். மனுஷரால் செய்ய முடிந்ததெல்லாம் செய்தாயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் எழுந்து நடமாடினார்கள். வலிப்பு நோட்டை அவள் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்துப் பெண் பிறந்தது. பெரியவன் விஷயம் பிரசவத்தில் நடந்த கோளாறு, மறுபடி வராது என்று டாக்டர்களே சொன்ன தைரியத்தில்தான் பெற்றார்கள். இந்தத் தடவை பிரசவம் அலுங்காமல் குலுங்காமல் நடந்தது. பாப்பா பிறந்ததும் வீறிட்டு அழுதாள். இரண்டாவது மாதம் ஒரு நாள் பால் குடித்துக்கொண்டே இருந்தவளின் கண் வலது பக்கம் போனது. பாப்பாவை அப்படியே கொண்டுபோய்ப் புருஷனிடம் காட்டினாள்.

வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. பழைய காகிதங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்றாள். இல்லை, வேறு வேறு ஊர், பெண் பார்க்கிற அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம் என்றார்கள். இரண்டு குழந்தைக்கும் ஒரே மாதிரி வருகிறது என்றால் பிரசவத்தின் மேல் பழி போட முடியாது என்று சொல்லிவிட்டு, பாப்பாவின் தலையில் ஒயர்களை ஒட்டி மூளை அலையைக் காட்டுகிற மெஷினை ஓடவிட்டாள். திரையில் கோடுகள் கிறுக்கித் தள்ளின. கையில் ஏற்றிய ஊசியின் வழியாக மஞ்சளாக ஒரு மருந்தை மெதுவாகச் செலுத்தினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. கிறுக்கல் குறைந்தது. கோடுகள் தணிந்து ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. பாப்பாவின் கை துடிப்பது நின்றது.

என்ன மருந்து என்று அவள் கேட்டாள். மருந்துக்கடைக்காரி இல்லையா, அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மருந்துகூட இல்லம்மா. வைட்டமின். பி சிக்ஸ்."

அப்புறம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். மரபணு என்பது ஜோடி ஜோடியாக வரும். அதில் ஒரு குறிப்பிட்ட ஜோடியில் உங்களுக்கும் ஒன்று பழுது, அவருக்கும் ஒன்று பழுது. இன்னொன்று நன்றாக இருப்பதால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுதானதே வந்து சேர்ந்துவிட்டது. நாலு குழந்தை பிறந்தால் ஒன்றுக்கு வரலாம், உங்களுக்கு இரண்டுக்கும் வந்துவிட்டது. உடம்பில் ஒன்று தேங்கிப்போய், இருக்கிற பி சிக்ஸை எல்லாம் வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் நிறையக் கொடுக்க வேண்டும், ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது. ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளலாம். வலிப்பு அடங்கிவிடும், ஆனால் வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும். பெரியவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடைசியாக அவள் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க, இந்த மாத்திரை எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றாள்.

கிடைக்கும். அவளுக்குத் தெரியாதா? கல்லாவுக்கு இடது பக்கம், இரண்டாவது டிராயர். கால் எரிகிறது என்று வருகிறவர்களுக்கும், வாய்ப்புண் என்று வருகிறவர்களுக்கும் தினமும் அவள் கையால் கிழித்துக் கொடுக்கிற ஸ்ட்ரிப். கடையிலேயே மலிவான சரக்கு. பெரியவன் வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அவள் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மறுவாரம் கடைக்குப் போனபோது அந்த டிராயரைத் திறக்கும்போது வந்த எரிச்சலில் ஒரு கிழவரிடம் வெடுக்கென்று பேசி, வாங்கிக் கட்டிக்கொண்டாள். அத்தனை யோசித்தவளுக்கு அந்தச் சாம்பிள் பெட்டி மட்டும் ஞாபகம் வரவில்லை. மனசு சில சமயம் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னபடியேதான் இருந்தது. இரண்டு பேர் பக்கமும் என்று கேட்ட மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, பதினோராவது நாள், எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது என்று பழையபடி ஆரம்பித்தார். அந்த அம்மாளைத் திருத்த எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசி கிடையாது.

பாப்பாவின் மாத்திரைக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டது புருஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஸ்ட்ரிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு வேளை, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒரு வேளை. அதே இரண்டு ஸ்பூன். நம்ம கடையிலேயே இருக்கிறதே, நான் கொண்டுவருகிறேனே என்றாள். வருகிற வழியில் ஒரு கடை இருக்கிறது, பரவாயில்லை என்றுவிட்டார். ஒரு நாள் எங்கோ உயரமான கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. ஆறு மணி நெருங்கியது. நான் கொடுத்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாள். மாத்திரை என்கிட்ட இருக்கே என்று சொல்லி, மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்த கையோடு வண்டி பிடித்து வந்து கொடுத்துவிட்டு, மிச்ச வேலைக்குத் திரும்பிப் போனார். பக்கத்து வீட்டம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அப்பாவா, நீ கொடுத்து வைத்தவள் என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடையில் முதலாளியிடமும் சொன்னாள், வருகிற போகிற ரெப்புகளிடமும் சொன்னாள்.

பாப்பாவுக்கு மூன்று வயதாயிற்று. வலிப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டரை வயதில் நடந்தாள். பேச்சு பத்து வார்த்தைக்கு மேல் இல்லை, அதில் இரண்டு வார்த்தை லிஃப்ட் மணிச் சத்தம். அந்த வருஷப் பரிசோதனைக்கு அவள் மட்டும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவனின் விவரத்தையும் சேர்த்து எழுதி வைத்தால் வேறு டாக்டர்கள் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் என்று டாக்டரம்மா போன தடவையே கேட்டிருந்தாள். அதனால் புடவைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். இவ்வளவு துல்லியமாக எந்த அம்மாவும் எழுதி நான் பார்த்ததில்லை என்றாள். பூஜ்யங்கள் வந்த இடத்தில் விரல் நின்றது. எண்ணினாள். நாற்பத்தொன்பது.

"இந்த நாள்ல எல்லாம் என்ன கொடுத்தீங்க?"

"புது சிரப் மாத்தினாங்க, டாக்டர்."

"இந்த நோய்க்கு அந்த சிரப் ஏழு வாரம் இப்படி சுத்தமா நிறுத்தாதே. அதுவும் சிரப் ஆரம்பிச்சு ஒன்பது நாளும் குறையவே இல்ல, அப்புறம் ரெண்டே நாள்ல பூஜ்யம். வேற ஏதாவது கொடுத்தீங்களா? டானிக், வைட்டமின், ஏதாவது?"

"இல்லை" என்றாள். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரிப் படியில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும்போது இரண்டு ஸ்பூன் ஞாபகம் வந்தது. ஸ்பூன் வந்ததும் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. மஞ்சள் நிறம், நூறு மாத்திரை, நரம்புக்கு நல்லது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். பாப்பாவை ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினாள். என்ன எக்ஸ்பயரி, பரீட்சை வந்துவிட்டதா என்றார் முதலாளி. அவள் அந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தாள். நோட்டின் கடைசிப் பக்கம். சாம்பிள். அவள் கையெழுத்து, முத்து முத்தாக. பி சிக்ஸ், நூறு மில்லிகிராம், பேட்ச் எண், மீதி எழுபத்தெட்டு, எடுத்த தேதி ஒன்று. பக்கத்தில் வலிப்பு நோட்டை விரித்து வைத்தாள். அதே மாதம், ஒன்பதாம் தேதி, மூன்று.

எழுபத்தெட்டு மாத்திரை. நாளைக்குப் பாதி என்றால் ஐந்து மாதம் வந்திருக்கும். தேதி முடியவே இன்னும் முப்பது நாள் இருந்தது. முப்பது நாள் கழித்தும் ஒரு மாத்திரை ராத்திரியோடு ராத்திரியாக மண்ணாகப் போய்விடுவதில்லை. அப்படியே போனாலும் இடது கையை நீட்டினால் இரண்டாவது டிராயரில் புதுசு இருந்தது. இதையெல்லாம் அந்தத் தெருவில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. டிராயர் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்றுதான் மூன்று வருஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்தது வேறு. அவள் கொடுத்திருக்கிறாள். கொடுத்து, பிள்ளை தலை நிமிர்ந்து சிரித்த பிறகு, தானே திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்ததற்குச் சாட்சியாக நோட்டில் பேட்ச் எண்ணோடு எழுதியும் வைத்திருக்கிறாள்.

இனி ஒரே ஒரு கேள்விதான். புருஷனிடம் சொல்வதா, வேண்டாமா. செய்ய முடிந்ததெல்லாம் செய்தாயிற்று என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் சாய்ந்துகொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அதையும் உருவிவிட்டால் மனுஷன் என்ன ஆவார்? சொல்லாமல் இருந்தாலோ, தினமும் ஆறு மணிக்கு அவர் மாத்திரை நசுக்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு தெருவைக் கடக்கும்போது சொல்லலாம் என்றும், அடுத்த தெருவில் வேண்டாம் என்றும் மனசு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில், தேதி முடிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு பழக்கமில்லாத புத்திதான் ஜெயித்தது.

சாயங்காலம் அவர் வந்து, கை கழுவி, ஸ்பூனை எடுத்து மாத்திரையை நசுக்கிக் கொடுத்து முடித்தார். பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பெரியவனுக்கு வலிப்பு நின்னது சிரப்பால இல்ல."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பாப்பாவுக்கு ஊசி போட்ட அன்னிக்கு. டாக்டர் பேரைச் சொன்னதுமே. பாதிப் பாதியா நசுக்கினது நான்தானே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது."

அவ்வளவுதான். நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. குரலில் கோபம் இல்லை, முகத்தில் கடுப்பு இல்லை. அவள் உடைந்து அழுதுவிட்டாள். மூன்று வருஷமாக இந்த மனுஷன் இதைத் தனியாக மென்று விழுங்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு வார்த்தை வலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அழுதாள். அப்படி ஒரு மனுஷன் தனக்குக் கிடைத்தாரே என்று நினைத்ததில் நெஞ்சில் கொஞ்சம் பாரம்கூட இறங்கினது போல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள்.

"எத்தனை நாள்தான் நீங்களே ஓடி ஓடி வருவீங்க. நாளையிலேர்ந்து பாப்பாவுக்கு மாத்திரைய நான் கொடுக்கறேன்."

சொல்லிக்கொண்டே ஸ்ட்ரிப்பை எடுக்க அவர் சட்டைப்பையை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"வேண்டாம். இது என்கிட்டயே இருக்கட்டும்."

வாட்ச்மேனிடம் சொல்கிற அதே குரல். அன்பும் இல்லை, பகையும் இல்லை. வருகிற வழியில் கடை இருக்கிறது என்றது, லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு வண்டி பிடித்து ஓடி வந்தது, மூன்று வருஷம் ஒரு ஸ்ட்ரிப்பைக்கூட வீட்டு அலமாரியில் வைக்காதது எல்லாம் அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் பாப்பாவின் தலையைத் தடவினாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். தேதி, அளவு, பேட்ச் எண் உட்பட எல்லாம் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டாள், எழுதி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. முதல் தேதி வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள், இறங்கினாள். இரண்டாவது டிராயரில் பி சிக்ஸ் பெட்டி ஒன்று அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முதலாளியிடமே மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அதை ரிட்டர்ன் பெட்டியில் போட்டு நோட்டில் எழுதினாள். வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு?

ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். பாப்பாவுக்கு மட்டும் இன்றைக்கும் அப்பாதான், இரண்டு வேளையும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம், கொடுத்து வைத்தவள் நீ என்கிறார் பக்கத்து வீட்டம்மாள். ஆமாம் என்கிறாள்.